சோறு போட்டது யார்?

கிர்கிஸ்தானில் 'சில்க் ரோடு மவுண்டன் ரேஸ்' என்றொரு சைக்கிள் போட்டி 2018 முதல் ஆகஸ்ட் மாதங்களில் நடந்துவருகிறது. தியான் ஷான் மலைகளுக்குள் ஏறக்குறைய 1,900 கிலோமீட்டர், பெரும்பாலும் மண்ணும் சரளையும். பாதை ஆண்டுக்கு ஆண்டு மாறும். ஏற்றங்களை மட்டும் கூட்டினால் 30,000 மீட்டர் அளவுக்கு வரும், அதாவது கடல்மட்டத்திலிருந்து எவரெஸ்ட் உச்சிக்கு மூன்று தடவை ஏறியதற்கும் மேல். சில கணவாய்கள் 3,800 மீட்டரைத் தொடுகின்றன. ஆகஸ்டிலும் பனி விழும். நீங்கள் தூங்கினாலும் கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கும். இதன் ஆதார விதி, எல்லாவற்றையும் நீயே பார்த்துக்கொள் என்பதுதான். கடையும் விடுதியும் எல்லோருக்கும் பொது என்பதால் அங்கே காசு கொடுத்து வாங்கலாம். உனக்காக ஒரு நண்பன் வழியில் நின்று வாழைப்பழம் நீட்டினால் அது விதிமீறல். ஆங்கிலத்தில் 'செல்ஃப் சப்போர்ட்டட்' என்கிறார்கள். தமிழில் சுயசார்பு என்று வைத்துக்கொள்வோம்.

இந்தச் சொல்லோடு எனக்கு ஒரு வழக்கு இருக்கிறது.

என் முன்னாள் மாணவி ஒருத்தி அந்தப் போட்டிக்குத் தயாராகிறாள். சேலத்தில் வங்கி வேலை, முப்பத்து நான்கு வயது, ஒரு மகன். அவளால்தான் ஒரு வருடமாக நான் இந்தத் தயாரிப்புக் குறிப்புகளைப் படிக்கிறேன். எழுதியவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். நன்றாகவே எழுதுகிறார்கள். டயர் இரண்டு அங்குல அகலத்துக்குக் குறையக் கூடாது. அது கிழிந்தால் தைக்க ஊசியும் தடித்த நூலும் வேண்டும். பின்பக்க கியரைத் தாங்கும் சின்ன அலுமினியத் துண்டு, விழுந்தால் முறிந்துபோகும். மாற்றுத் துண்டு இல்லாவிட்டால் ஆட்டம் அங்கேயே முடிந்தது. முன்சக்கர அச்சில் டைனமோ இருந்தால் விளக்குக்கும் போனுக்கும் கரண்ட் தேடி அலைய வேண்டாம். ஓடைத் தண்ணீர் பளிங்காகத் தெரிந்தாலும் மேலே குதிரையும் ஆடும் மேய்கின்றன, வடிகட்டாமல் குடிக்காதே. இதெல்லாம் குளிரில் விரல் மரத்துக் கற்ற பாடம். இவற்றில் நான் குறை காணவில்லை.

குறை கடைசி வரியில் இருக்கிறது. நான் படித்தவற்றில் பல, மனைவிக்கோ காதலிக்கோ ஒரு நன்றியோடு முடிகின்றன. ஊசிக்கு ஒரு பத்தி ஒதுக்கி அதன் எடையைக் கிராமில் எழுதுகிற மனிதர், எட்டு மாதம் வீட்டைத் தாங்கியவளுக்கு ஒரு வரி போடுகிறார்.

கணக்குப் பார்ப்போம். என் மாணவியின் திட்டத்தில் வாரத்துக்கு 14 மணி நேரம் சைக்கிள். முப்பது வாரத்துக்கு 420 மணி நேரம். திரும்பி வந்த உடம்பு இரண்டு மடங்கு சாப்பிடும், பகலிலும் தூங்கும், சேறு படிந்த துணியை அவிழ்த்துப் போடும். ஆண் தயாராகும்போது இந்த நேரம் எங்கிருந்து வருகிறது என்று யாரும் கேட்பதில்லை. அது இன்னொருத்தியின் நாளிலிருந்து வெட்டி எடுக்கப்படுகிறது. போட்டி தொடங்கும் நிமிடத்திலிருந்துதான் சுயசார்பு என்று விதியை வரைந்தவர்கள், அந்த 420 மணி நேரத்தைக் கோட்டுக்கு அந்தப் பக்கம் தள்ளிவிட்டார்கள். தமிழ் படித்தவளுக்கு இது பழகிய தந்திரம். கடல் கடந்து போவதென்றால் பெண்ணோடு இல்லை என்று தொல்காப்பியமே சொல்கிறது. பாலைத்திணையில் பொருள் தேடிப் போகிறவனின் வெயிலும் வழியும் பாட்டாகின்றன. பிரிந்திருப்பவளின் கண்ணீரும் பாட்டாகிறது. அவன் கட்டிக்கொண்டு போன சோற்றை யார் பொங்கினாள் என்பதைத்தான் நான் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.

"போட்டி என்றால் எங்காவது ஒரு கோடு போட்டுத்தானே ஆக வேண்டும்? வீட்டு வேலையை எந்த நடுவர் அளப்பார்?" என்று ஒரு தோழர் கேட்டார். நியாயமான கேள்விபோல இருக்கிறது. ஆனால் ஒரு பெண் வந்தவுடன் அந்தக் கோடு நகர்ந்ததை நாம் பார்த்திருக்கிறோம். லேல் வில்காக்ஸ் என்ற அமெரிக்கப் பெண், 2016-இல் அமெரிக்காவைக் குறுக்காகக் கடக்கும் டிரான்ஸ் ஆம் போட்டியில் எல்லா ஆண்களையும் முந்தி முதலாவதாக வந்தவர். கடைசி இரவில் முன்னால் போய்க்கொண்டிருந்த ஆணை எட்டிப் பிடித்தபோது, சேர்ந்தே போய் முடிக்கலாம் என்றார் அவர். இது போட்டி என்று மறுத்துவிட்டு வில்காக்ஸ் மிதித்தார். (இந்த இடத்தை வகுப்பில் சொல்லும்போதெல்லாம் பின்பெஞ்சிலிருந்து கைதட்டல் வரும்.) அதே வில்காக்ஸ் 2019-இல், கனடாவின் பான்ஃப் நகரிலிருந்து மெக்சிகோ எல்லைவரை ராக்கி மலைத்தொடர் வழியே இறங்கும் டூர் டிவைடில் ஓட்டினார். அவரது துணையான பெண், வழியில் அவரைப் படமெடுத்தார். உடனே சர்ச்சை கிளம்பியது. தண்ணீர் தரவில்லை, சோறு தரவில்லை, ஆனாலும் நேசிக்கிற ஒருவர் கண்ணில் படுவதே மனதுக்குத் தெம்பு, ஆகவே அது வெளியுதவி என்றார்கள்.

சரி, அப்படியே இருக்கட்டும். நேசத்தைக்கூட உதவிக் கணக்கில் எழுதத் தெரிந்தவர்களுக்கு, எட்டு மாதச் சாப்பாட்டை எழுத மட்டும் கை வராதா? பெண்ணுக்கு ஒரு பார்வை கிடைத்தால் அது சலுகை, ஆணுக்கு ஒரு குடும்பமே உழைத்தால் அது இயற்கை!

பெண்களால் முடியுமா என்ற கேள்விக்கு நான் நேரம் செலவழிக்கப் போவதில்லை. 2019-இல் ஃபியோனா கோல்பிங்கர், பல்கேரியாவின் புர்காஸிலிருந்து பிரான்ஸின் பிரெஸ்ட்வரை ஏறக்குறைய 4,000 கிலோமீட்டர் டிரான்ஸ்கான்டினென்டல் போட்டியைப் பத்து நாளும் இரண்டே முக்கால் மணி நேரமுமாக ஓட்டி முதலாவதாக வந்தார். அவருக்கு அப்போது 24 வயது. அந்தக் கேள்வி அதோடு செத்துப்போயிற்று.

சாகாமல் இருப்பது வேறொன்று. ஆணின் தொடை இடுக்கில் சீட் உரசிப் புண்ணானால் அது 'பொது' அத்தியாயத்தில் வரும். மாதவிடாய் 'பெண்களுக்கு' என்ற தனிப் பெட்டியில், பெரும்பாலும் இரண்டு வரியில் வரும். இரண்டு வாரப் போட்டியில் அது வராமல் தப்பினால் அதிர்ஷ்டம். வந்தால், வடிகட்டிய தண்ணீரில் எவ்வளவை மென்ஸ்ட்ருவல் கப் கழுவ ஒதுக்குவது, எவ்வளவைக் குடிக்க வைத்துக்கொள்வது? தோளில் பட்டை போட்ட சைக்கிள் கால்சட்டையோடு சிறுநீர் கழிக்க, உறைபனிக் காற்றில் மேலே இருக்கிற மூன்று அடுக்கையும் கழற்ற வேண்டும். பின்னால் ஜிப் வைத்துத் தைத்தது இப்போது கிடைக்கிறது, விலைதான் கூடுதல். கழற்றச் சோம்பிப் பெண்கள் தண்ணீரைக் குறைக்கிறார்கள். அந்த உயரத்தில் கடல்மட்டத்துக் காற்றில் உள்ள பிராணவாயுவில் மூன்றில் இரண்டு பங்குகூட இல்லை. உடம்பு வறண்டால் தலைவலியும் வாந்தியும் இன்னும் மோசமாகும். சிறுநீர்த் தொற்று வேறு. இது ஏன் டயர் அகலத்துக்கு இணையான பொதுவிஷயம் இல்லை?

என் மாணவி ஏற்காடு ஏறுகிறாள், ஞாயிற்றுக்கிழமைகளில் கொல்லிமலையின் எழுபது கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறுகிறாள். தமிழ்நாட்டின் உயரமான சாலைகளில் ஒன்று போகும் தொட்டபெட்டாவே 2,637 மீட்டர்தான், ஆகையால் மெல்லிய காற்றுக்கு உடம்பைப் பழக்க இங்கே வழியில்லை. சில நாள் முன்னதாகவே போய் அங்கே தங்க வேண்டும். அதற்கு விடுப்பு வேண்டும், பணம் வேண்டும். இது காசுள்ளவர்களின் விளையாட்டு என்பதை மறைக்க மாட்டேன். அவள் விடியற்காலை நாலரைக்குக் கிளம்புவதற்காக, சமையலுக்கு வரும் அக்கா ஐந்தரைக்கே தன் வீட்டைப் போட்டுவிட்டு வருகிறார். ஆக, என் மாணவியின் 420 மணி நேரமும் ஒரு பெண்ணின் நாளிலிருந்துதான் வெட்டப்படுகிறது. இதைச் சொல்லாமல் ஆண்களை மட்டும் திட்டினால் நானும் அதே கோட்டைத்தான் போடுகிறேன்.

போன மாதம் அவளிடம் இதைக் கேட்டேன். "தெரியும்மா" என்று செலவுப் பட்டியலை அனுப்பினாள். டயர், விமான டிக்கெட், தூங்கும் பை, செயற்கைக்கோள் வழியே இடம் காட்டும் கருவியின் வாடகை. நடுவில் 'அக்காவுக்குக் கூடுதல் நேரச் சம்பளம், எட்டு மாதம்' என்று ஒரு வரி. விமான டிக்கெட்டுக்கு அடுத்த பெரிய தொகை அதுதான். அதைப் பார்த்துவிட்டு அவள் கணவர், "இதையுமா ரேஸ் செலவில் சேர்ப்பே?" என்று கேட்டாராம்.

தயாரிப்புக் குறிப்பு எழுதும் ஆண்களிடம் நான் கேட்பதும் அந்த ஒரு வரியைத்தான். நன்றியை எடுத்துவிடுங்கள். உங்கள் வீட்டில் யார், எத்தனை மணிக்கு எழுந்து, எத்தனை வாரம், என்னென்ன செய்தார் என்று, ஊசிக்கும் டைனமோவுக்கும் நடுவில், எண்ணில் எழுதுங்கள்.