செம்மண்ணும் வயற்சேறும்

உரும்பிராயிலோ சுன்னாகத்திலோ தோட்டவெளியில் நடந்துவிட்டு வந்தால் வெள்ளை வேட்டியின் கரையிற் செம்மை ஏறிவிடும். எத்துணைச் சவர்க்காரம் போட்டாலும் அது இலேசிற் போவதில்லை. வயலில் இறங்கி ஏறினாலோ காலில் ஒட்டுவது சாம்பல்நிறச் சேறு. இவ்விரு நிறங்களிலும் இரும்புக்குப் பங்குண்டு என நாம் கூறும்போது மாணவர் பலர் நம்பத் தயங்குகின்றனர்.

புவியோட்டின் நிறையில் நூற்றுக்கு ஏறத்தாழ 5 பங்கு இரும்பாகும். மண்ணில் அதற்கு இருவகை இருப்பிடங்கள் உள. ஒன்று, மண் துணிக்கைகளின்மீது பூச்சுப்போற் படிந்திருக்கும் ஒட்சைட்டு. அது ஏமத்தைற்றாயின் சிவப்பு. ஐதரசனும் கூடிய கோதைற்றாயின் மஞ்சட்கபிலம். மற்றது, களிக்கனியத்தின் பளிங்கினுள்ளே, அலுமினியம் இருக்கவேண்டிய இடத்தைப் பிடித்துக்கொண்ட இரும்பு. பிறர் அறையிற் குடியேறிவிட்ட விருந்தாளியைப் போல.

வயலில் நீர் கட்டியதும் மண்ணுக்குட் காற்றுப் புகுவது ஏறக்குறைய நின்றுவிடுகின்றது. எஞ்சிய ஒட்சிசனைப் பற்றீரியாக்கள் ஒரு நாளளவில் தீர்த்துவிடும். அவை தம் உணவிலிருந்து பெறும் இலத்திரன்களை ஒட்சிசனிடம் ஒப்படைத்து வாழ்பவை. அது கிடையாதபோது முதலில் நைத்திரேற்றையும், அடுத்து மங்கனீசையும், பின்னர் பெரிக்கு இரும்பையும் நாடுகின்றன. இலத்திரன் ஒன்றை ஏற்ற பெரிக்கு இரும்பு பெரசு இரும்பாகின்றது. பெரசு இரும்பு நீரிற் கரையக்கூடியது. ஆதலின் செம்பூச்சுக் கரைய, மண் நரைக்கின்றது. பளிங்கினுள் உள்ள இரும்போ பெரும்பாலும் இடம்பெயராது, இருந்தவிடத்திலேயே இலத்திரனை வாங்கி நீலப்பச்சைச் சாயல் காட்டும்.

இதனால் உழவனுக்கு நன்மையும் உண்டு. செம்பூச்சிற் சிறைப்பட்டிருந்த பொசுபேற்று விடுபட்டுப் பயிருக்குக் கிடைக்கின்றது. ஆனால் கரைந்த இரும்பு அளவு கடந்தால் நெல்லுக்கு அதுவே நஞ்சாகும். நெற்பயிருக்கு ஒரு தற்காப்பு உண்டு. இலைவழி வந்த காற்றைத் தண்டினுள்ளே உள்ள இடைவெளிகளூடாக வேருக்கு இறக்கி, அணுகிவரும் இரும்பை அங்கேயே மீண்டும் துருவாக்கிவிடும். நாற்றைப் பிடுங்கி வேரைக் கழுவிப் பார்ப்பவர் அச்செங்கபில உறையைக் காணலாம்.

இக்காப்பும் தோற்கும் இடங்கள் நம் நாட்டில் உள. தென்மேற்கு ஈரவலயத்தில், மேட்டு நிலத்திலிருந்து ஊறிவரும் நீர் இரும்பைச் சுமந்து பள்ளத்து வயல்களிற் சேர்க்கின்றது. அங்கே முதிர்ந்த இலைகளின் நுனியிற் கபிலப்புள்ளிகள் தோன்றி, இலை முழுவதும் வெண்கலநிறம் பரவும், கதிர் சுருங்கும். பூச்சியென்று கருதி மருந்து தெளித்தால் பணந்தான் வீண். இந்நோய்க்கு இரும்பே காரணம் என்பதை இலங்கையரான பெலிக்ஸ் பொன்னம்பெரும, அமெரிக்க அறிஞர் இருவருடன் சேர்ந்து 1955ஆம் ஆண்டில் ‘நேச்சர்’ இதழில் எழுதினார். பின்னர் அவர் பிலிப்பைன்சிலுள்ள சர்வதேச நெல்லாராய்ச்சி நிலையத்திற் பணியாற்றி, நீர்மூழ்கிய மண்ணின் இரசாயனத்தைத் தெளிவாக்கினார். இத்துறையில் இன்றும் முதலில் எடுத்துப் படிக்கவேண்டியது அவர் 1972இல் எழுதிய நெடுங்கட்டுரையே என்பது எம் எண்ணம்.

பரிகாரம் ஒன்றிரண்டு உள. இடையிடையே நீரை வடித்துக் காற்றுப் படவிடலாம். புளிப்பு மண்ணுக்குச் சுண்ணாம்பும், பயிருக்குப் பொற்றாசு உரமும் இடலாம். களுத்துறை மாவட்டத்துப் பொம்புவலையில் இரும்பைத் தாங்கும் நெல்லினங்களையும் உருவாக்கியுள்ளனர்.

இரும்பு மிகுந்த வயலின் வாய்க்காலில், எண்ணெய் சிந்தியதுபோல் வானவில் நிறத்தில் ஒரு படலம் மிதப்பதுண்டு. மாணவர்கள் அதை ஒரு குச்சியாற் கலைத்துப் பார்க்கட்டும். எண்ணெயாயின் உடனே மீண்டும் கூடிக்கொள்ளும். ஓடுபோல் உடைந்து துண்டு துண்டாய் விலகினால், அது நீரிலிருந்து வெளிவந்து காற்றைச் சந்தித்த இரும்பு.