தப்பை முதலில் பார்ப்பவள்

வார்டில் ஒரு தப்பு நடந்தால் முதலில் யார் கண்ணில் படும்? ரவுண்ட்ஸ் வரும் டாக்டர் கண்ணில் இல்லை, அரை மயக்கத்தில் கிடக்கும் நோயாளி கண்ணிலும் இல்லை. அதே டியூட்டியில் நிற்கும் இன்னொரு செவிலியர் கண்ணில்தான். அவள் வாய் திறந்தால் அவளுக்கு நல்லது நடந்து நான் பார்த்ததில்லை.

என் வீடு புதுச்சேரி கதிர்காமத்தில். அரசு மருத்துவக் கல்லூரியும் பக்கம், கோரிமேடு ஜிப்மரும் பக்கம். விழுப்புரம், கடலூர்ப் பக்கத்திலிருந்து கையில் பையும் பழைய ஸ்கேன் கவருமாக வந்து இறங்கும் ஜனங்களைத் தினமும் பார்க்கிறேன். செவிலியர்களான எங்களையும் நம்பித்தான் வருகிறார்கள்.

முன்பு வேறு ஊரில் ஒரு தனியார் மருத்துவமனையில் வேலை பார்த்தேன். அங்கே ஒரு சீனியர் அக்கா, ஒரே சிரிஞ்சில் சலைனை ஏற்றிக்கொண்டு படுக்கை படுக்கையாகப் போய், நரம்பில் போட்டிருக்கும் வென்ஃப்ளான் குழாயில் ஃப்ளஷ் கொடுப்பார். "அக்கா, ஆளுக்கு ஒரு சிரிஞ்ச் எடுத்துக்கலாமே" என்றேன். "ஊசியே குத்தலையே, போர்ட்லதானே குடுக்கறேன்? உனக்கென்னடி?" என்றார். அடுத்த படுக்கையில் அடைப்பு இருக்கிறதா என்று பிஸ்டனைக் கொஞ்சம் பின்னால் இழுத்தார். தெளிந்த சலைனுக்குள் நூல் போல இளஞ்சிவப்பாக ஒன்று நெளிந்து கலந்தது. அது அந்த நோயாளியின் ரத்தம். ஹெபடைட்டிஸ் பி, சி, எச்ஐவி எல்லாம் அடுத்தவர் உடம்புக்குப் போக அந்த நூல் போதும்.

இன்சார்ஜ் சிஸ்டரிடம் சொன்னேன். அடுத்த டியூட்டி சார்ட்டில் எனக்கு வரிசையாக நைட். போட்டுக் கொடுத்தவள் என்று பெயர் வேறு.

அந்த அக்கா கல்நெஞ்சக்காரர் இல்லை. வார்டு முழுவதற்கும் நாங்கள் இரண்டே பேர். சிரிஞ்ச் செலவுக்குக் கணக்குக் கேட்பார்கள். போதனா மருத்துவமனைப் பொது வார்டில் 3 படுக்கைக்கு ஒரு செவிலியர், மற்ற இடங்களில் 5 படுக்கைக்கு ஒருவர் என்பது இந்திய நர்சிங் கவுன்சிலின் அளவுகோல். அது எத்தனை இடத்தில் நடக்கிறது?

உண்மையைச் சொன்ன இன்னொருவரின் கதையும் நினைவுக்கு வருகிறது. 2018 டிசம்பரில் சாத்தூர் அரசு மருத்துவமனையில் ஒரு கர்ப்பிணிக்கு எச்ஐவி கலந்த ரத்தம் ஏற்றப்பட்டது. அதை வெளியே கொண்டுவந்தது ரத்த வங்கியில் இருந்த யாரும் இல்லை. ரத்தம் கொடுத்த இளைஞரே தனக்குத் தொற்று இருப்பது தெரிந்ததும் ஓடிவந்து சொன்னார். அந்த மாதம் முடிவதற்குள் விஷம் குடித்து இறந்தும் போனார். உண்மை சொன்ன அந்தப் பிள்ளையைக் காப்பாற்ற முடியாமல் போனதை நினைத்தால் இன்றும் எனக்கு ஆறவில்லை.

வாய் திறந்த செவிலியரே மாட்டிக்கொள்ளும் கதை அமெரிக்காவிலும் உண்டு. 2009-இல் டெக்சாஸில் இரண்டு செவிலியர்கள் ஒரு டாக்டரின் சிகிச்சை பற்றி மருத்துவ வாரியத்துக்குப் பெயர் போடாமல் எழுதினார்கள். வழக்கு அவர்கள் மீதே பாய்ந்தது, வேலையும் போயிற்று. ஒருவர் மீதான வழக்கு விசாரணைக்கு முன்பே கைவிடப்பட்டது. மற்றவரை 2010-இல் ஜூரி ஒரு மணி நேரத்துக்குள் விடுவித்தது. பிறகு அந்த டாக்டரும், அவருக்காகச் செவிலியர்களைத் துரத்திய ஷெரிப்பும் தண்டனை பெற்றார்கள்.

இங்கே, முறைகேட்டை வெளிப்படுத்துவோரைப் பாதுகாக்க 2014-இல் நிறைவேறிய சட்டம் இன்னும் அமலுக்கு வரவில்லை. வந்தாலும் அது அரசு ஊழியர் பற்றிய புகார்களுக்குத்தான். தனியார் நர்சிங் ஹோம் செவிலியருக்கு அதில் இடமில்லை. புதுச்சேரி சின்ன ஊர், சுகாதாரத் துறை மனது வைத்தால் முடியும். வார்டுக்கு ஒரு புகார்ப் பெட்டி வேண்டும். அதைத் திறப்பவர் அந்த மருத்துவமனைச் சம்பளம் வாங்காதவராக இருக்க வேண்டும். எழுதியவள் யாரென்று தெரிந்தே போனாலும், அவள் டியூட்டி சார்ட்டிலும் சம்பளத்திலும் ஒரு வருஷத்துக்கு யாரும் கை வைக்கக் கூடாது.