கையெழுத்தோடு முடியக் கூடாத அனுமதி

போபால் யூனியன் கார்பைடு ஆலை வளாகத்தில் நாற்பது ஆண்டுகளாகக் கிடந்த 337 டன் நச்சுக் கழிவு, 2025 ஜனவரி தொடக்கத்தில் 12 கண்டெய்னர் லாரிகளில் ஏறி, சுமார் 250 கி.மீ. தொலைவில் உள்ள பீதம்பூருக்குப் போய்ச் சேர்ந்தது. மறுநாளே ஊர் கொதித்தது. கடைகள் அடைக்கப்பட்டன, தடியடி நடந்தது, இருவர் தீக்குளிக்க முயன்றனர். நீதிமன்றத்தின் மேற்பார்வையில் பிப்ரவரி இறுதியில் தொடங்கிய சோதனை எரிப்பு கட்டம் கட்டமாக நடந்து, ஜூன் இறுதியில் எல்லாக் கழிவும் எரிக்கப்பட்டது. புகை வரம்புக்குள்தான் இருந்தது என்றது அரசு. சுண்ணாம்பு போன்றவை சேர்ந்ததால் 337 டன் கழிவு 800 டன்னுக்கும் அதிகமான சாம்பலாகவும் எச்சமாகவும் மாறியது. அதை எங்கே புதைப்பது என்ற கேள்வி மீண்டும் உயர் நீதிமன்றப் படியேறியது.

அந்தப் புகை உண்மையிலேயே ஆபத்தற்றதாக இருந்திருக்கலாம். ஆனால், பீதம்பூர் மக்கள் அதை ஏன் நம்பவில்லை? குஜராத்தின் அங்கலேஷ்வரில் எரிக்கலாம் என்றபோது அம்மாநில அரசு மறுத்தது. ஜெர்மனிக்கு அனுப்பும் திட்டம் அங்கே எழுந்த எதிர்ப்பால் 2012இல் கைவிடப்பட்டது. இதையெல்லாம் ‘என் வீட்டுக் கொல்லையில் வேண்டாம்’ என்கிற சுயநலமாகவோ அறியாமையாகவோ பார்க்கும் பழக்கம் அதிகாரிகளுக்கு உண்டு. அவநம்பிக்கைக்குக் காரணம் மக்களிடம் இல்லை, நாம் அனுமதி வழங்கும் முறையில் இருக்கிறது என்பதே நம் கருத்து.

இதற்குச் சான்றைத் தொலைவில் தேட வேண்டியதில்லை. ராணிப்பேட்டை சிட்கோ தொழிற்பேட்டையில் 2015 ஜனவரி 31 அதிகாலையில், தோல் தொழிற்சாலைகளின் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் கசடு தேக்கியிருந்த தொட்டியின் சுவர் உடைந்தது. பக்கத்துத் தோல் தொழிற்சாலையில் உறங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் உட்பட 10 பேர் அந்தக் கசடில் மூழ்கி மாண்டார்கள். பிழைப்புக்காக மேற்கு வங்கத்திலிருந்து வந்தவர்கள் அவர்களில் பெரும்பாலோர். அது கள்ளத்தனமாகக் கழிவு கொட்டும் பள்ளம் அல்ல. ஆற்றைக் காப்பாற்றுவதற்கென்றே ஏற்படுத்தப்பட்ட, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் கண்காணிப்பில் இருந்த நிலையம்.

2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி, அபாயகரமான கழிவுகளுக்கான பொது எரிஉலை அமைக்க விரும்பும் நிறுவனம் தானே ஓர் ஆலோசகரை அமர்த்தி, தன் பணத்தில் அறிக்கை எழுதி வாங்குகிறது. ஆலோசகருக்கு அங்கீகாரம் உண்டு. ஆனால் அடுத்த வேலையையும் இன்னொரு நிறுவனம்தான் தர வேண்டும். பாதகமாக எழுதுகிறவரைத் தேடிவந்து அமர்த்துவது யார்? முழு அறிக்கை ஆங்கிலத்தில் இருக்கும். ஊருக்குக் கிடைப்பது தமிழில் ஒரு சுருக்கம். முப்பது நாள் முன்னறிவிப்போடு கருத்துக்கேட்புக் கூட்டம் நடக்கும். அந்தக் கூட்டத்துக்குக் குறைந்தபட்சம் இத்தனை பேர் வர வேண்டும் என்ற விதிகூட இல்லை என்பது பலருக்குத் தெரியாது. அதற்குள் இடம் முடிவாகிவிட்டிருக்கும், நிலமும் கைக்கு வந்திருக்கும். மக்கள் பேசுவது பதிவாகுமே தவிர, ‘இந்த இடம் ஏன்?’ என்று கேட்டு முடிவை மாற்றும் வாய்ப்பு அவர்களுக்கு எந்தக் கட்டத்திலும் இல்லை.

அந்தக் கூட்டமும் எல்லா ஊருக்கும் கிடைப்பதில்லை. அங்கீகரிக்கப்பட்ட தொழிற்பேட்டைக்குள் அமையும் திட்டங்களுக்குக் கருத்துக்கேட்பிலிருந்து விலக்குத் தருகிறது அதே அறிவிக்கை. திருகாணித் தொழிற்சாலைக்கு அந்தச் சலுகை சரி. பல மாவட்டங்களின் நஞ்சைக் கொண்டுவந்து எரிக்கும் உலைக்கும் புதைக்கும் குழிக்கும் அதே வழி எதற்கு? தொழிற்பேட்டையின் வேலி காற்றையும் நிலத்தடி நீரையும் தடுப்பதில்லை. அபாயகரமான கழிவு நிலையங்களைப் பொறுத்தவரை இந்த விலக்கை ஒன்றிய அரசு உடனே நீக்க வேண்டும்.

அளக்கிறவருக்கு யார் கூலி தருகிறார் என்பது எவ்வளவு முக்கியம் என்பதற்கு நம் நாட்டிலேயே சான்று உண்டு. குஜராத்தில் ஆலைகள் தாமே தணிக்கையாளரை அமர்த்திவந்த முறையைப் பொருளாதார ஆய்வாளர்கள் சோதித்தார்கள். தூசு வரம்பை மீறியவை 7 விழுக்காட்டு ஆலைகளே என்றன தணிக்கை அறிக்கைகள். மறு அளவையில் அது 59 விழுக்காடு. பிறகு தணிக்கையாளரைக் குலுக்கல் முறையில் ஒதுக்கி, பொது நிதியிலிருந்து ஊதியம் தந்து, அவர்களின் அளவுகளை இடையிடையே சரிபார்த்தபோது அறிக்கைகள் உண்மையைப் பேசத் தொடங்கின. ஆலைகளும் மாசைக் குறைத்தன. புதிய சட்டம் இல்லை, புதிய இயந்திரம் இல்லை. ஆளை ஒதுக்கும் முறையும் பணம் வரும் வழியும் சரிபார்ப்பும்தான் மாறின. தாக்க மதிப்பீட்டு அறிக்கைக்கும் இதையே செய்யலாம். நிறுவனம் கட்டணத்தை அரசு நிதியில் செலுத்தட்டும். ஆலோசகரை நிறுவனம் தேர்ந்தெடுக்க வேண்டாம்.

இதைவிடப் பெரிய ஓட்டை, அனுமதி தந்த பிறகுதான் இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் அபாயகரமான கழிவு விதிகளின்படி அங்கீகாரம் ஐந்தாண்டுகளுக்கு. புதுப்பிப்பது நிறுவனத்துக்கும் வாரியத்துக்கும் இடையிலான கோப்பு விவகாரம். ஐந்தாண்டில் உலை எத்தனை முறை நின்றது, வரம்பு எப்போதெல்லாம் மீறியது, கண்காணிப்புக் கிணற்று நீரில் என்ன இருந்தது என்பதை அந்த ஊர் கேட்க முடியாது. கேட்கிற இடத்தில் இருக்கும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியங்களிலோ நாடு முழுவதும் ஏறத்தாழப் பாதிப் பணியிடங்கள் காலி. அனுமதியே பெறாதவர்களுக்கும் கதவு திறந்திருக்கிறது: முதலில் கட்டிவிட்டுப் பின்னால் அனுமதி வாங்கும் வழக்கத்தை 2025 மே மாதம் தடுத்த உச்ச நீதிமன்றம், நவம்பரில் அந்தத் தீர்ப்பைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. நேர்மையாக வரிசையில் நின்று அனுமதி பெற்ற நிறுவனங்கள் இதிலிருந்து என்ன பாடம் கற்கும்?

நிலையம் மூடப்பட்ட பின் யார் பொறுப்பு என்பதும் தொடக்கத்திலேயே தீர வேண்டியது. ராணிப்பேட்டை சிப்காட்டில் தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்ட் கெமிக்கல்ஸ் ஆலை 1990களின் நடுவில் மூடப்பட்டது. ஒன்றரை லட்சம் டன்னுக்கும் அதிகமான குரோமியக் கழிவு அங்கேயே மலையாய்க் கிடந்தது. மழை ஒவ்வொரு முறையும் அதை மஞ்சள் நீராய்ச் சுமந்துகொண்டு இறங்கியது. நிறுவனம் போய்விட்டது, கணக்கு அரசின் தலையில் விழுந்தது. எனவே, மூடிய பிறகு பல பத்தாண்டுகள் காவல் காக்கத் தேவையான பணத்தை முதல் லாரி உள்ளே நுழையும் முன்பே முழுதாகக் கட்டவைக்க வேண்டும். ஆண்டுதோறும் சிறுகச் சிறுகச் சேர்க்கலாம் என்பது, நிறுவனம் நொடிக்காது என்ற நம்பிக்கையில் ஊரின் நிலத்தடி நீரைப் பணயம் வைப்பது.

இவ்வளவு கெடுபிடி இருந்தால் நிலையமே வராது, கழிவு இரவோடிரவாக ஏரிக்குள் போகும் என்பது தொழில்துறையின் வாதம். அதில் பாதி உண்மை. நிலையங்கள் வேண்டும், அவை இல்லாவிட்டால் கழிவு காணாமல் போவதில்லை, கண்ணுக்குத் தெரியாத இடத்துக்குப் போகிறது. ஆனால், கேட்டால் எல்லோரும் மறுப்பார்கள் என்பது சரியல்ல. கனடாவின் அல்பெர்ட்டா மாகாணம், எங்கே அமைப்பது என்று தானாக முடிவெடுக்காமல், ஏற்க விரும்பும் ஊர்கள் முன்வரலாம் என்றது. ஸ்வான் ஹில்ஸ் என்ற சிற்றூரில் 1984இல் வாக்கெடுப்பு நடந்தது; 79 விழுக்காட்டினர் ஆதரித்தார்கள். 1987இல் நிலையம் இயங்கத் தொடங்கியது. கதை அங்கே நிற்கவில்லை. 1996இல் நச்சு கசிந்து, சுற்றுவட்டாரக் காட்டு விலங்குகளின் இறைச்சியையும் மீனையும் அளவோடு உண்ணும்படி அரசே எச்சரிக்க வேண்டியதாயிற்று. ஒரு முறை பெற்ற சம்மதம் எல்லாக் காலத்துக்கும் போதாது. சம்மதித்த ஊருக்கும் நிறுத்தச் சொல்லும் அதிகாரம் வேண்டும்.

தமிழக அரசு டெல்லிக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. அங்கீகாரத்தைப் புதுப்பிக்கும்போது மக்களைக் கூட்டிக் கேட்க விதி கட்டாயப்படுத்தவில்லை, தடுக்கவும் இல்லை. கும்மிடிப்பூண்டியில் இயங்கும், அபாயகரமான கழிவுகளுக்கான பொது நிலையத்திலிருந்தே தொடங்கலாம். அதன் இசைவாணை நிபந்தனைகள் அனைத்தையும் தமிழில் ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டச் செய்யலாம். உலையின் வெப்பமும் புகையின் அளவும் வாரியத்தின் கணினித் திரையில் மட்டுமின்றி ஊரின் நடுவே ஒரு பலகையிலும் ஓடட்டும். கண்காணிப்புக் கிணற்று நீரை எந்த ஆய்வகத்துக்கு அனுப்புவது என்பதைச் சுற்றியுள்ள ஊராட்சிகள் சொல்லட்டும். செலவை நிலையம் ஏற்கட்டும். வரம்பு தொடர்ந்து மீறினால், அதிகாரியின் நோட்டீசுக்குக் காத்திராமல் கழிவு லாரிகளின் வருகை தானாக நிற்கும் என்று இசைவாணையிலேயே எழுத வேண்டும். அடுத்த புதுப்பித்தல் கோப்பு வாரியத்தின் மேசைக்கு வரும்போது இந்த நிபந்தனைகள் அதில் இருக்கின்றனவா என்பதைச் சட்டமன்ற உறுப்பினர்கள் கேட்டுப் பார்க்கட்டும்.