கச்சான் அல்வாவும் கால் மணி நேரமும்

மண்டூர் முருகன் ஆலயத்தைச் சின்னக் கதிர்காமம் என்பார்கள். அங்கே கப்புகனார் வாயைத் துணியால் கட்டிக்கொண்டு, திரைக்குப் பின்னால் பூசை செய்வார். மந்திரம் கேட்காது, நடப்பது தெரியாது. சின்னஞ்சிறு பிள்ளைகளும் திரைக்கு முன்னால் பொறுமையாகக் காத்து நிற்பார்கள். திரை விலகும், பிரசாதம் வரும் என்பதில் அவர்களுக்கு ஐயமே இல்லை.

இதை நினைவூட்டியது சில ஆண்டுகளுக்கு முன்னர் அதே ஊரில் ஒரு வீட்டு விறாந்தையில் கண்ட காட்சி. வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த உறவுக்காரத் தம்பி ஒருவர், தமது நான்கு வயது மகனின் முன்னால் ஒரு துண்டுக் கச்சான் அல்வாவை வைத்தார். "அப்பா திரும்பி வரும்வரை சாப்பிடாமல் இருந்தால் இன்னொன்று தருவேன்" என்று சொல்லிவிட்டு அறைக்குள் போனார். தகப்பனின் முதுகு மறைந்ததும் பிள்ளை அல்வாவை வாயில் போட்டுக்கொண்டான். தம்பியின் முகத்தில் பெருங்கவலை. மகனின் எதிர்காலமே கரைந்துவிட்டதாக எண்ணினார் போலும்!

இந்தச் சோதனை உளவியலாளர் வால்டர் மிஷெலுடையது. 1960களின் பிற்பகுதியில் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகப் பாலர் பாடசாலையில் தொடங்கியது. காத்திருந்த பிள்ளைகள் பின்னாளில் பரீட்சையிலும் சிறந்தனர் என 1990 இல் வெளியான தொடராய்வு சொல்ல, உலகெங்கும் பெற்றோர் இனிப்பும் கடிகாரமுமாகப் புறப்பட்டுவிட்டனர். 2018 இல் வாட்ஸ், டங்கன், குவான் ஆகியோர் 900க்கும் மேற்பட்ட பிள்ளைகளின் தரவுகளை ஆராய்ந்தபோது அந்தத் தொடர்பு பாதியளவே தெரிந்தது. குடும்பப் பின்னணியைக் கணக்கிலெடுத்தால் இன்னும் மெலிந்தது. நெடுங்காலம் பத்திரிகைக்குத் தலைப்புப் போட்டவன் என்ற முறையில் சொல்கிறேன்: முதல் ஆய்வு முதற்பக்கத்துக்கு வரும், மறு ஆய்வு உட்பக்கத்து மூலைக்குப் போகும்.

மிஷெலே 1950களில் திரினிடாட்டில் இன்னொன்றைக் கண்டிருந்தார். தந்தை இல்லாத வீட்டுப் பிள்ளைகள், பிறகு கிடைக்கும் பெரிய மிட்டாயை விட உடனே கிடைக்கும் சிறிய மிட்டாயையே கூடுதலாகத் தெரிவுசெய்தனர். தந்தை இல்லாத வீடுகள் எங்கள் படுவான்கரையில் எத்தனை! 2007 இன் முற்பகுதியில் அங்கிருந்து சனங்கள் இடம்பெயர்ந்தபோது, "இரண்டு நாளில் வந்துவிடலாம்" என்று பிள்ளைகளிடம் சொல்லிப் புறப்பட்டவர்கள் மாதக்கணக்கில் முகாம்களில் கிடந்தார்கள். அப்படி வளர்ந்த பிள்ளை கையில் கிடைத்ததை உடனே உண்டால், அதைப் புலனடக்கக் குறைவு என்று எப்படிச் சொல்வது? என் பார்வையில் அது அனுபவம் கற்பித்த கணக்கு.

செலஸ்ட் கிட் என்ற ஆய்வாளர் 2013 இல் வெளியிட்ட ஆய்வும் இதற்குத் துணை நிற்கிறது. பெரியவர் ஒருவர் முதலில் நல்ல வரைபொருட்கள் கொண்டுவருவதாக வாக்களிப்பார். ஒரு சாராருக்கு அவை வந்தன; மறு சாராருக்கு வரவில்லை. பிறகு இனிப்பை வைத்தபோது வாக்குக் காக்கப்பட்ட பிள்ளைகள் சராசரியாக 12 நிமிடம் காத்திருந்தனர். ஏமாற்றப்பட்டவர்கள் காத்தது 3 நிமிடமே. பிள்ளைகள் 28 பேர்தான், சிறிய ஆய்வு. ஆனால் அன்று விறாந்தை மூலையில் பாக்கு வெட்டிக்கொண்டிருந்த அம்மம்மாவுக்கு அந்த ஆய்வும் தேவைப்படவில்லை.

"நேத்து அவனப் பாதையில ஏத்துறன் எண்டாய். ஏத்தினியா மனே?"

பாதை என்பது குருமண்வெளிக்கும் மண்டூருக்கும் இடையே வாவியைக் கடக்கும் மிதவை. தம்பி ஒன்றும் பேசவில்லை. அன்று மாலையே மகனைத் துறைக்குக் கூட்டிச் சென்றார். நானும் போனேன். பாதை அக்கரையில் நின்றது. பிள்ளை கரையில் குந்திக்கொண்டு, அது திரும்பும்வரை தண்ணீரையே பார்த்திருந்தான்.