பத்தாயிரம் முதலைகளும் பத்துப் பேரும்

வேலூர்க் கோட்டைக்குப் பிள்ளைகளை அழைத்து வரும் ஆசிரியர்கள் ஒரு கதையை மட்டும் மறக்காமல் சொல்லிவிடுகிறார்கள். "இந்த அகழியில பத்தாயிரம் முதலை இருந்துச்சு. உள்ள வர்ற எதிரி, தப்பி ஓடுற கைதி, எல்லாரையும் அதுதான் தின்னுச்சு." போன வாரம் என் காதுபட இதைச் சொன்ன ஓர் ஆசிரியரிடம், "பத்தாயிரம்னு யாரு சார் எண்ணினது?" என்று கேட்டேன். "பசங்களுக்கு சுவாரசியமா இருக்கணும்ல சார், விடுங்க" என்றார்.

என்னால் விட முடியவில்லை. அந்தப் பிள்ளைகள் ஆம்பூர்ப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து வந்தவர்கள். வீட்டுக் கிணற்று நீரை வாயில் வைக்க முடியாமல் கேன் தண்ணீர் வாங்கிக் குடித்து வளர்கிறவர்கள். தண்ணீரில் எதற்குப் பயப்பட வேண்டும் என்று அவர்களுக்குச் சொல்ல நமக்குக் கிடைத்தது முதலை ஒன்றுதானா?

முதலில் கணக்கைப் பார்ப்போம். கோட்டையின் பரப்பு 133 ஏக்கர். அதைச் சுற்றி வரும் அகழியின் நீளத்தை மூன்று கிலோமீட்டர் என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். அது ஏறத்தாழ 9,850 அடி. பத்தாயிரம் முதலை என்றால் அடிக்கு ஒரு முதலை! அகழியின் அகலம் முழுவதும் பரப்பி விட்டாலும் ஒரு முதலைக்கு ஒரு சிறிய அறை அளவு இடம்தான் கிடைக்கும். ஒவ்வொன்றும் வாரத்துக்கு ஒரு கிலோ தின்றாலே வாரம் பத்து டன் இறைச்சி வேண்டும். எந்த ராஜா கொட்டினான் அதை? இன்று உலகம் முழுவதும் இயற்கையில் வாழும் வளர்ந்த சதுப்பு முதலைகளையே வல்லுநர்கள் பத்தாயிரத்துக்குக் கீழேதான் மதிப்பிடுகிறார்கள். இந்தியா, இலங்கை, நேபாளம், பாகிஸ்தான், ஈரான் எல்லாம் சேர்த்தும் இல்லாத முதலையை நம் ஊர் அகழியில் அடைத்துவைத்துப் பிள்ளைகளுக்குக் காட்டுகிறோம்.

அகழியில் முதலை இருந்ததை நான் மறுக்கவில்லை. வெள்ளைக்கார ராணுவ அதிகாரிகளின் பழைய குறிப்புகளில் அவை வருகின்றன. இருந்திருக்கும், ஏரியும் குளமும் நிறைந்த இந்த மண்ணில் சதுப்பு முதலை இல்லாமல் இருந்தால்தான் அதிசயம். ஆனால் அவை காவல் காத்தன, ஆளைத் தின்றே கோட்டையைக் காப்பாற்றின என்பதற்கு வரலாறு எங்கே இடம் தருகிறது? 1806 ஜூலை 10 விடியுமுன் வெள்ளைக்காரர்களுக்கு எதிராகச் சிப்பாய்கள் எழுந்தது கோட்டைக்கு உள்ளிருந்து. நெற்றிக் குறியை அழி, தாடியைத் திருத்து, தோல் பட்டை வைத்த புதுத் தலைப்பாகையை அணி என்று உத்தரவு போட்டதுதான் அவர்களை எழுப்பியது. அன்று காலையே ஆற்காட்டிலிருந்து குதிரைப்படையோடு வந்த வெள்ளைக்காரத் தளபதி கில்லெஸ்பி கயிற்றைப் பிடித்து மதில் ஏறினார். பின்னால் வந்தவர்கள் பீரங்கியால் வாசலைத் தகர்த்து நுழைந்தார்கள். நூற்றுக்கணக்கான சிப்பாய்கள் கொல்லப்பட்டார்கள். கொன்றது துப்பாக்கியும் வாளும். கண்டியின் கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனை 1816 முதல் 1832-ல் அவர் இறக்கும்வரை இங்கேதான் சிறைவைத்தார்கள். அவருக்குக் காவல் நின்றவர்களும் மனிதர்கள்தான். இவ்வளவு ரத்தமும் துயரமும் உள்ள ஓர் இடத்தில் நின்றுகொண்டு சுவாரசியத்துக்கு முதலையைத் தேடுவது அந்தச் சிப்பாய்களுக்கே செய்யும் அவமானம்.

இப்போது நம் பகுதித் தண்ணீர் உண்மையிலேயே ஆளைக் கொன்ற ஓர் இரவைச் சொல்கிறேன். 2015 ஜனவரி 31. ராணிப்பேட்டை சிட்கோ தொழிற்பேட்டை. தோல் தொழிற்சாலைகளின் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் பொது நிலையத்தில் கழிவுச் சேற்றைத் தேக்கிவைத்திருந்த தொட்டியின் சுவர் நள்ளிரவுக்குப் பிறகு உடைந்தது. ரசாயனச் சேறு பக்கத்துத் தோல் ஷாப்புக்குள் பாய்ந்தது. அங்கே படுத்துத் தூங்கிக்கொண்டிருந்த பத்துத் தொழிலாளர்கள் எழுந்திருக்கவே இல்லை. பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். பத்துப் பேர் என்பது கதை இல்லை. எண்ணிப் பார்த்த பிணங்கள். பத்தாயிரம் முதலையைத் தெரிந்து வைத்திருக்கும் நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இந்தப் பத்துப் பேரைத் தெரியும்? அந்த ஆசிரியருக்குத் தெரியுமா?

இங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. தண்ணீரில் ஆபத்து என்றாலே பல்லும் வாலும் உள்ள ஏதோ ஒன்று என்று நம்பப் பழகிவிட்டோம். பாலாற்றில் நான்கு நாள் வெள்ளம் வந்தால் போதும், எங்கேயோ எடுத்த ஒரு வீடியோ "பாலாற்றில் முதலை, உஷார்!" என்ற குரலோடு எல்லா வாட்ஸாப் குழுவிலும் ஓடுகிறது. அதே வெள்ளத்தில் மாராப்பட்டுப் பாலத்தடியில் ஆளுயரத்துக்கு நுரை பொங்கிப் போகும்போது, அதை வேடிக்கை பார்த்து செல்ஃபி எடுத்துக்கொள்கிறோம். மழை வரட்டும் என்று காத்திருந்து வெள்ளத்தோடு வெள்ளமாகத் தோல் ஆலைக் கழிவைத் திறந்துவிடுகிறார்கள் என்று கரையோர விவசாயிகள் எத்தனை வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்! முதலைக்கு உஷார் சொன்ன குழுக்கள் நுரைக்கு வாய் திறப்பதில்லை. காரணம் எல்லோருக்கும் தெரியும். முதலைக்கு நம் ஊரில் சொந்தக்காரர்கள் கிடையாது.

உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28 அன்று, தோல் ஆலை மாசுக்கு எதிராக வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் தந்த தீர்ப்பை ஒவ்வொரு பள்ளியிலும் பாடமாக வைக்க வேண்டும். ஒரு கிலோ தோலைப் பதப்படுத்த 35 லிட்டர் தண்ணீர் வேண்டும் என்று அதில் இருக்கிறது. தோல் மண்டலத்தில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாதியாகவோ முழுதாகவோ பயிர் வைக்க லாயக்கற்றுப் போனது என்று வேளாண் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆராய்ச்சி மையம் சொன்னதும் இருக்கிறது. மாசுபடுத்தியவரே ஈடு கட்ட வேண்டும் என்ற கொள்கை இந்தியச் சட்டத்தில் வேர்பிடித்ததில் நம் ஊர் வழக்குக்குப் பெரிய பங்கு உண்டு. பிறகு அமைத்த இழப்பீட்டு ஆணையம் 29,193 குடும்பங்களைப் பாதிக்கப்பட்டவை என்று கண்டறிந்து 26.82 கோடி ரூபாய் என்று கணக்குப் போட்டது. குடும்பத்துக்குப் பத்தாயிரம் ரூபாய்கூடத் தேறவில்லை. 2025 ஜனவரி 30 அன்று அதே உச்ச நீதிமன்றம் மறுபடியும் உட்கார்ந்து, இழப்பீட்டைக் கொடுங்கள், மாசுபடுத்தியவர்களிடம் வசூலியுங்கள், கண்காணிக்கக் குழு அமையுங்கள் என்று சொல்ல வேண்டி வந்தது. நடுவில் கழிந்தவை இருபத்தெட்டு ஆண்டுகள். அந்த இடைவெளியில்தான் ராணிப்பேட்டையில் பத்துப் பேர் சேற்றில் மூழ்கினார்கள்.

ராணிப்பேட்டை என்றதும் குரோமேட் கழிவு மேடும் நினைவுக்கு வருகிறது. 1990-களில் மூடிய ஒரு ரசாயன ஆலை விட்டுச்சென்றது ஒன்றரை லட்சம் டன்னுக்கு மேல். மழை பெய்யப் பெய்ய அதிலிருந்து மஞ்சளாக இறங்கிய நீர் நிலத்தடிக்குப் போய்க்கொண்டே இருந்தது. அந்த மேட்டை ஒரு சுற்றுலாவுக்கும் யாரும் காட்டியதில்லை.

"அப்போ முதலை கடிக்கவே கடிக்காதா?" என்று கேட்பீர்கள். கடிக்கும். சிதம்பரம் பக்கத்துப் பழைய கொள்ளிடக் கரைக் கிராமங்களில் அது உண்மையான துயரம். குளிக்கப் போனவர்களையும் மாடு கழுவப் போனவர்களையும் முதலை இழுத்திருக்கிறது. வனத்துறை முதலைகளைப் பிடித்து வக்காரமாரி ஏரியில் விட்டுக்கொண்டிருக்கிறது. ஆனால் அந்தச் செய்திகளைக் கூர்ந்து படியுங்கள். இழுபட்டவர்கள் எதற்காக ஆற்றில் இறங்கினார்கள்? குளிக்கவும், துணி துவைக்கவும், ஒதுங்கிவிட்டுக் கால் கழுவவும். வீட்டில் குழாயும் குளியலறையும் இருப்பவர்களை முதலை தேடி வந்து கடிப்பதில்லை. அங்கேயும் முதலைக்கு முன்னால் நிற்க வேண்டிய குற்றவாளி, குழாய் போடாத நிர்வாகம்.

குஜராத்தில் ஆனந்த், கேடா மாவட்டத்துக் கிராமக் குளங்களில் முதலைகள் தலைமுறை தலைமுறையாக மனிதர்களோடு வாழ்கின்றன. கோடியார் மாதாவின் வாகனம் என்று அங்கே அதைக் கும்பிடுகிறார்கள். 2024 ஆகஸ்டில் வதோதராவில் விஸ்வாமித்ரி ஆறு ஊருக்குள் புகுந்தபோது தெருவுக்கு வந்துவிட்ட இருபதுக்கும் மேற்பட்ட முதலைகளைப் பிடித்தார்கள். தமிழ்த் தொலைக்காட்சிகள் நாள் முழுக்க அதையே காட்டின. அந்த மழையில் குஜராத்தில் மனிதர்கள் செத்தது நீரில் மூழ்கியும், சுவரும் மரமும் விழுந்தும். அது எத்தனை நிமிடம் ஓடியது? நம் சாத்தனூர் அணையிலும் முதலை உண்டு, பண்ணையே உண்டு. 2024 டிசம்பர் 2 அதிகாலையில் அங்கிருந்து வினாடிக்கு 1.68 லட்சம் கன அடி நீரைத் தென்பெண்ணையில் திறந்துவிட்டார்களே, அன்று கரையோர வீடுகளையும் வயல்களையும் வாரிக்கொண்டு போனது எந்த முதலை?

முதலை நம்மைத் தின்ற கதையைச் சொல்கிறவர்கள், நாம் முதலையைத் தீர்த்த கதையைச் சொல்வதே இல்லை. தோலுக்காகச் சுட்டும் முட்டையைத் தோண்டியும் 1970-களின் தொடக்கத்தில் இந்தியாவில் முதலை இனமே அழியும் நிலைக்கு வந்தது. 1972-ல் வனவுயிர்ச் சட்டம், 1975-ல் முதலைப் பாதுகாப்புத் திட்டம், 1976-ல் ரோமுலஸ் விட்டேக்கர் சென்னைக்கு அருகே தொடங்கிய முதலைப் பண்ணை, இவை வந்திராவிட்டால் இன்று கதை மட்டும்தான் மிஞ்சியிருக்கும். தோலால் வாழும் பகுதி இது. தோலுக்காக ஒரு விலங்கு அழியப் பார்த்த வரலாற்றை நம் பிள்ளைகள் அல்லவா முதலில் அறிந்திருக்க வேண்டும்?

இதே கண்மூடித்தனம் பாம்பிலும் இருக்கிறது. ஏரியில் நீர்க்கோலி தலை தூக்கினால் போதும், கல்லால் அடித்தே கொல்கிறார்கள். அதற்கு விஷமே கிடையாது. "நீர்க்கோலி கடிச்சா ராச்சோறு கிடையாது" என்று பழமொழி வேறு. நம் பக்கத்தில் ஆளைக் கொல்லும் நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்கும் தரைப்பாம்புகள். இருட்டில் செருப்பில்லாமல் வரப்பில் நடப்பதுதான் ஆபத்து. ஊருக்கெல்லாம் ஷூ தைத்து அனுப்பும் ஊரில் களத்துமேட்டுக்காரர் வெறுங்காலோடு போய்க் கடிபட்டு மருத்துவமனைக்கு ஓடுகிறார். அதை யாரும் கதையாகச் சொல்வதில்லை, நீர்க்கோலி மட்டும் சாகிறது.

மணல் குழிகளையும் சொல்லாமல் விட முடியாது. வாணியம்பாடியிலிருந்து ஆற்காடு வரை பாலாற்றைத் தோண்டித் தின்றுவிட்டார்கள். மேலே சமமாகத் தெரியும் தண்ணீருக்கு அடியில் இரண்டாள் ஆழக் குழி. முழங்கால் அளவென்று நம்பி இறங்கும் பையன் அடுத்த அடியில் காணாமல் போகிறான். இந்தியாவில் ஆண்டுக்கு முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் நீரில் மூழ்கிச் சாகிறார்கள் என்று தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் புள்ளிவிவரம் சொல்கிறது. அரையாண்டு விடுமுறையும் கோடை விடுமுறையும் வந்தால் ஏரியிலும் குவாரியிலும் மூழ்கிய மாணவர்களின் படம் நாளிதழில் வராத வாரம் உண்டா? இத்தனைக்கும் நீச்சல் சொல்லித் தரும் அரசுப் பள்ளி ஒன்றை நான் இந்தப் பகுதியில் பார்த்ததில்லை. "தண்ணிக்குப் போகாதே, முதலை இருக்கு" என்று பயமுறுத்தி வளர்த்த பிள்ளை, முதலை இல்லை என்று தெரிந்த நாளில் பயமே இல்லாமல் குழியில் இறங்குகிறான். பொய்யான பயம் உண்மையான எச்சரிக்கையைக் கொன்றுவிடுகிறது. இதற்காகத்தான் இந்தக் கதை மேல் எனக்கு இவ்வளவு ஆத்திரம்.

அகழியையே எடுத்துக்கொள்ளுங்கள். 2021 நவம்பர் மழையில் அது நிரம்பி, ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்குள் தண்ணீர் ஏறி நாள்கணக்கில் நின்றது. உபரி நீர் பாலாற்றுக்குப் போக முன்னோர் வைத்திருந்த வழி அடைபட்டுக் கிடந்ததுதான் காரணம். அகழியைப் பற்றி ஒரு பிள்ளைக்குச் சொல்ல இதைவிட நல்ல பாடம் ஏது? சூரியகுண்டத்திலிருந்து நீர் எப்படி வந்தது, மிஞ்சியது எங்கே போனது, யார் அடைத்தார்கள் என்று சொன்னால் பிள்ளைகள் கேட்க மாட்டார்களா? கேட்பார்கள். சொல்லத்தான் ஆளில்லை.

தோல் தொழிலே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இங்கே வீட்டுக்கு வீடு ஒருவர் ஷூ கம்பெனிக்குப் போகிறார், பெரும்பாலும் பெண்கள். அவர்கள் குடிக்கும் தண்ணீரைப் பற்றித்தான் பேசுகிறேன். அவர்களுடைய பிள்ளைகள் எதைப் பார்த்துப் பயப்பட வேண்டும், யாரைப் பார்த்துக் கேள்வி கேட்க வேண்டும் என்பதைப் பற்றித்தான் பேசுகிறேன். முதலையைக் காட்டிப் பயமுறுத்தினால் பிள்ளை கண்ணை மூடிக்கொள்ளும். ராணிப்பேட்டைப் பத்துப் பேரைச் சொன்னால், அந்தச் சுவரைக் கட்டியது யார், அனுமதி கொடுத்தது யார் என்று கேட்கும். அந்தக் கேள்வி வந்துவிடக் கூடாது என்று நினைப்பவர்களுக்கு இந்த முதலைக் கதை மிகவும் வசதி.

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டைச் சுற்றுக் கிராமத்துப் பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். மார்ச் 22, உலகத் தண்ணீர் நாளில் உங்கள் ஊரிலும் கிராமசபை கூடும். அங்கே எழுந்து நின்று மூன்றைக் கேளுங்கள். ஊர்க் கிணறுகளிலும் ஆழ்துளைக் கிணறுகளிலும் நீரைச் சோதித்து முடிவைத் தமிழில் எழுதிப் பஞ்சாயத்துச் சுவரில் ஒட்டச் சொல்லுங்கள். ஆற்றிலும் ஏரியிலும் உள்ள மணல் குழிகளை அடுத்த மழைக்குள் மூடவோ வேலி போடவோ சொல்லுங்கள். பள்ளிப் பிள்ளைகளுக்கு நீச்சல் கற்றுத்தர ஏற்பாடு கேளுங்கள். தீர்மானப் புத்தகத்தில் எழுதும்வரை உட்காராதீர்கள்.