சுவர் இருந்தால்தான் சித்திரம்

சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுதலாம் என்பது பழமொழி. சித்திரம் எழுதினால் சுவரே பிழைத்துக்கொள்ளும் என்று இப்போது சிலர் சொல்லுகிறார்கள். தோட்டங்களை நம்பி வளர்ந்த சிறு பட்டணங்களில், கடைச் சுவர்களில் படம் தீட்டி உல்லாசப் பிரயாணிகளை வரவழைத்தால், படுத்துவிட்ட வியாபாரம் எழுந்து நிற்கும் என்பது அவர்கள் வாதம். இதைக் கேட்டு நகைப்பவர்கள் நம்மில் உண்டு. நாம் நகைக்கவில்லை. ஆனால் கேட்க வேண்டியதைக் கேட்காமல் விடப்போவதும் இல்லை.

இப்பட்டணங்களின் கதை நாம் அறியாததன்று. ஒரு காலத்தில் சம்பள நாளன்று கடைத்தெருவில் கால் வைக்க இடமிராது. மளிகைக் கடையில் பற்றுத் தீர்ப்போர் ஒரு புறம், படக்கொட்டகை வாசலில் நிற்போர் மறு புறம். பிறகு பால்மரங்களை வெட்டிச் செம்பனை நட்டார்கள். சில தோட்டங்களை வீடமைப்புக்கு விற்றார்கள். லயங்கள் காலியாயின. செக்ரோலில் பெயர்கள் குறையக் குறைய, கடைத்தெருவில் சாத்திய கதவுகள் கூடின. கணக்கெழுதிய கிராணிமார்களுக்கு இது நன்றாகத் தெரியும்.

இதே போன்ற கதை கனடா நாட்டிலும் நடந்தது. வான்கூவர் தீவிலுள்ள செமெய்னஸ் என்ற சிற்றூருக்கு 1862 முதல் மரம் அறுக்கும் ஆலையே சோறு போட்டது. ஆலை தள்ளாடிய காலத்தில், கார்ல் ஷுட்ஸ் என்பவர் ஒரு யோசனை சொன்னார். ருமேனிய நாட்டு மடாலயச் சுவர்களில் தாம் கண்ட ஓவியங்களைப்போல், நம் ஊரின் சரித்திரத்தை நம் சுவர்களில் எழுதுவோம் என்றார். 1982-இல் 5 சித்திரங்கள் எழுந்தன. மறு ஆண்டே ஆலை மூடப்பட்டது. ஆயினும் ஊர் அழியவில்லை. படம் பார்க்க ஜனங்கள் வந்தார்கள். உணவுக்கடைகளும் விடுதிகளும் தோன்றின. இன்று அங்கே 40-க்கும் மேற்பட்ட சித்திரங்கள் உள்ளன. 1986-இல் ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாத் தீவில் ஷெஃபீல்ட் என்ற ஊரும் இவ்வழியைப் பின்பற்றியது.

செமெய்னஸ் சுவர்களில் இருப்பவர்கள் யார்? பலகை சுமந்து கப்பலேற்றிய சீனத் தொழிலாளர்கள், மரம் இழுத்த நீராவி யந்திரம், அம்மண்ணின் ஆதிக்குடிகள். உழைத்தவனுக்குச் சுவரில் இடம் கிடைத்தது. ஆனால் இன்னொன்றையும் மறக்கலாகாது. 1985-இல் ஆலை மீண்டும் திறந்தபோது முன்னைவிடக் குறைந்த ஆட்களையே எடுத்தது. வேலை இழந்த அனைவரையும் சித்திரம் காப்பாற்றிவிடவில்லை.

நம் நாட்டில் பினாங்கைப் பாருங்கள். ஜார்ஜ் டவுன் 2008-இல் உலகப் பாரம்பரிய நகராயிற்று. 2012-இல் லிதுவேனியாக்காரர் எர்னஸ்ட் சக்கரேவிச், ஆர்மீனியன் தெருவில் சைக்கிளோட்டும் இரு குழந்தைகளை எழுதினார். அதன் முன் நின்று படம் பிடிக்க ஜனங்கள் வரிசை கட்டினார்கள். சிறு கடைக்காரர்களுக்கு நல்ல வியாபாரம். ஆனால் அதே நகரில், 2000-இல் வாடகைக் கட்டுப்பாடு நீங்கியபின் பழைய குடிகள் பலர் வெளியேறினர். பாரம்பரியப் பெயர் வந்தபின் கடைவீடுகளின் விலை மேலும் ஏறிற்று. சித்திரம் வாடகையை ஏற்றியது என்று நாம் சொல்லவில்லை. சித்திரத்தால் மட்டும் குடியிருப்பவனைக் காக்க முடியாது என்றே சொல்லுகிறோம்.

ஆகவே நமது கோரிக்கைகள் இவை.

முதலாவது, பினாங்குப் படத்தை ஊருக்கு ஊர் காப்பியடிக்க வேண்டாம். விடியுமுன் தலைவிளக்குக் கட்டி நிரைக்குப் போன பெண்ணை எழுதுங்கள். காண்டாவில் பால் வாளி சுமந்தவரை எழுதுங்கள். பெரட்டுக் களத்தை எழுதுங்கள். முதியவர்களைக் கேட்டு எழுதுங்கள். அவர்கள் போனபின் கேட்க ஆளிராது.

இரண்டாவது, பிரயாணிகள் வந்தால் நடத்தப்படும் அங்காடிகளில் உள்ளூர்வாசிகளுக்கே முதலிடம் வேண்டும். பழைய வாடகைக்காரர்களுக்குப் பாதுகாப்பும் வேண்டும்.

மூன்றாவது, விடுதியிலும் உணவுக்கடையிலும் வேலை கிடைத்தால் அது கூலிக்கு மாரடிக்கும் வேலையாக இருத்தலாகாது. 2025-இல் நடப்புக்கு வந்த 1,700 வெள்ளி குறைந்தபட்சச் சம்பளமும், சேமநிதியும், சொக்சோவும் அங்கும் கிடைக்க வேண்டும்.

நான்காவது, வெயிலிலும் மழையிலும் வர்ணம் மங்கும். திறப்புவிழாவுக்கு மாலை வாங்கும்போதே பராமரிப்புக்கும் பணம் ஒதுக்க வேண்டும்.

தோழர்களே! உங்கள் ஊரில் இத்திட்டம் வந்தால் ஒதுங்கி நிற்காதீர்கள். கிளைச் செயலவையினர் நகராண்மைக் கழகத்துக்குச் சென்று பேச வேண்டும். வீட்டிலுள்ள பழைய புகைப்படங்களையும் பால் வெட்டும் கத்தியையும் எடுத்துச் செல்லுங்கள். நாம் போகாவிட்டால் நம் ஊர்ச் சுவரில் யாரோ ஒருவருடைய கதை எழுதப்படும்.

ஊருக்குச் சுவர் அங்கே குடியிருக்கும் ஜனங்களே. அவர்களை முதலில் நிற்க வையுங்கள். சித்திரம் தானே அழகு பெறும்.