பழி நெய்க்கு, விருந்து சர்க்கரைக்கு

ஸ்கேன் ரிப்போர்ட்ல ‘ஃபேட்டி லிவர், கிரேடு 1’னு வந்துட்டா போதும். மறுநாளே நெய் டப்பா பரண் ஏறிடும், தேங்காய்ச் சட்னி கட். ஆனா காலையில ஒரு பெரிய டம்ளர் பாக்கெட் ஜூஸ் மட்டும் தவறாது. ‘கொழுப்பு இல்லாதது’ன்னு அட்டையிலயே போட்டிருக்குல்ல! எனக்கு இதைப் பார்த்தாலே எரிச்சலா வரும். ஏன்னு சொல்றேன், கொஞ்சம் வேதியியல் வரும், பொறுத்துக்குங்க.

கல்லீரல் சர்க்கரையை கிளைக்கோஜனா மாத்திச் சேர்த்து வைக்கும். அந்தக் குதிர் சின்னது, சுமார் 100 கிராம்தான் பிடிக்கும். அது நிரம்பிட்டா மிச்சத்துல ஒரு பங்கு கொழுப்பாகும். இதுக்கெல்லாம் இன்சுலின்தான் உத்தரவு போடுதுன்னு சொல்லுவாங்க. அது பாதிக்கதைதான். 2001-ல அமெரிக்காவுல டல்லஸ்ல கொசாகு உயேடாவோட குழு சி-எச்-ஆர்-ஈ-பி-பி-ன்னு ஒரு புரதத்தைக் கண்டுபிடிச்சாங்க. வாயில நுழையலைல்ல? மேஸ்திரின்னு வச்சுக்குவோம்.

வேலை இல்லாதப்ப மேஸ்திரி செல்லோட உட்கருவுக்கு வெளியே நிப்பார். குளுக்கோஸ் உள்ளே வந்து மாறும்போது உண்டாகிற இடைப்பொருள்கள்தான் (குளுக்கோஸ்-6-பாஸ்பேட், சைலுலோஸ்-5-பாஸ்பேட்) அவரை எழுப்பி உள்ளே அனுப்புது. ரெண்டுல எது பெரிய ஆளுன்னு ஆராய்ச்சியாளர்களுக்குள்ள இன்னும் வழக்கு தீரலை. உள்ளே போனவர் கொழுப்பு தயாரிக்கிற நொதிகளோட மரபணுக்களை முடுக்கிவிடுவார். பட்டினி கிடந்தா ஏ.எம்.பி.யும் கீட்டோன்களும் ஏறி அவரை வெளியிலேயே நிறுத்திடும். அதாவது சர்க்கரை வெறும் சரக்கு இல்லீங்க, சரக்கே உத்தரவும் போடுது!

இன்னொண்ணு. சர்க்கரையிலிருந்து வர்ற சிட்ரேட், கொழுப்பு உற்பத்தியோட முதல் நொதியை நேரடியாவே தட்டி எழுப்பும். அந்த நொதி செய்யிற மெலோனைல்-கோஏ, பழைய கொழுப்பு எரியப் போற வாசலைச் சாத்திடும். டெனிஸ் மெக்கேரி குழு 1977-லயே இதைச் சொல்லிட்டாங்க. புதுசா செய்யவும் செய்யும், பழசை எரிக்கவும் விடாது. என்ன வில்லத்தனம் பாருங்க. வெள்ளைச் சர்க்கரையில பாதி ஃப்ரக்டோஸ், அது குளுக்கோஸுக்கு இருக்கிற முக்கியமான தடுப்புச் சாவடியையே சுத்திக்கிட்டு உள்ளே வந்துடும்.

2005-ல மினசோட்டாவுல ஒரு ஆய்வு. ஃபேட்டி லிவர் இருந்த 9 பேரோட கல்லீரல் கொழுப்பு எங்கிருந்து வந்ததுன்னு தடம் பிடிச்சாங்க. ஏற்கெனவே உடம்புல இருந்து ரத்தம் வழியா வந்தது 59%. கல்லீரலே புதுசா தயாரிச்சது 26%. சாப்பாட்டுக் கொழுப்புல இருந்து நேரா வந்தது 15%. சின்ன ஆய்வுதான். ஆனா அந்தப் பதினஞ்சுக்காகத்தானே நாம பரண் ஏறுறோம்?

அதுக்காக நெய்யைக் கரண்டி கரண்டியா ஊத்துங்கன்னு சொல்லலை. நிறைவுற்ற கொழுப்பை அளவுக்கு மீறித் தின்னாலும் கல்லீரல்ல ஏறும், அதுக்கும் ஆய்வு இருக்கு. என் கோபம் வேற. சித்தப்பாவுக்கு ஒரு இடத்துல குடுத்த டயட் சீட்டைப் பார்த்தேன். எண்ணெய், நெய், முட்டை மஞ்சள் கரு, தேங்காய் எல்லாத்துக்கும் பெருக்கல் குறி. சர்க்கரை, ஜூஸ், பிஸ்கட் பத்தி ஒரு வரி கூட இல்லை. அந்த நோயோட ஆங்கிலப் பேரையே 2023-ல மாத்தி ‘வளர்சிதை மாற்றம்’ங்கிற சொல்லை உள்ளே கொண்டுவந்துட்டாங்க. சீட்டு மட்டும் இன்னும் எண்ணெய்ச் சட்டியையே முறைச்சுக்கிட்டு நிக்குது.

உங்க வீட்டுச் சீட்டுல என்ன இருக்கு? பின்னூட்டத்துல சொல்லுங்க மக்களே.